சின்னவளுக்கு ஃபிசிக்ஸ் டியூஷன் கிடைத்த கதை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சின்னவள் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், குளிர் இன்னும் விடவில்லை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, குழந்தைகள் கிளினிக்கில் அவள் டோக்கன் கொடுக்கும் இடத்தில் உயரமான நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து டாக்டரைவிட அவளுக்குத்தான் அதிகாரம். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை நானே சரிசெய்தேன், இப்போது முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகச் சொட்டுகிறது. இதெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் சின்னவளின் டியூஷன் விஷயத்தைச் சொல்ல முடியவில்லை, நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

பதினொன்றாம் வகுப்பு ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு ஃபிசிக்ஸும் கணக்கும் ஏறவில்லை. மார்க் குறைந்ததுகூடப் பெரிதில்லை, நம் வீட்டு வாயாடி வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள், அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. கேட்டால் "எதுவுமே புரியலப்பா, நான் மக்குதான்" என்றாள். சரி, நல்ல டியூஷனாகப் பார்ப்போம் என்று கிளம்பினேன். மின்சார அலுவலகத்தில் என் கவுண்டருக்கு வந்தவர்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள ஒருவரையும் விடவில்லை, பின்னால் வரிசை நீண்டு மேலதிகாரி எட்டிப் பார்க்கும்வரை விசாரித்தேன். எல்லோரும் சொன்னது கட்டில் பீரோ கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பெரிய சென்டரைத்தான். போனோம். கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம், வாத்தியார் மைக் பிடித்துப் பேசினார், நம்மவளுக்குத் தூண் மறைக்கிற இடம். முதல் நாள் நானும் உட்கார்ந்து கேட்டேன், ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள் என்று நானும் ஆட்டினேன். கொஞ்ச நாளிலேயே அவள் போகமாட்டேன் என்றுவிட்டாள். அடுத்து வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பவர் ஒருவரைப் பிடித்தோம். கெட்டிக்காரர்தான், குறை சொல்லக் கூடாது, ஆனால் கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார், "புரிஞ்சுதா" என்பதற்கும் அவரே "புரிஞ்சிருக்கும்" என்பார். கடைசிவரை பேனா அவள் கைக்கு வரவேயில்லை.

பிறகு உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். தடுப்பூசிக்குக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், காத்திருந்த நேரத்தில் தன் மூத்த பிள்ளைக்கு மின்விசிறியை நிறுத்தின பிறகும் அது ஏன் சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். உன் அம்மாவுக்குத்தான் கூச்சம் என்பதே கிடையாதே, டோக்கனைக் கையில் கொடுக்காமலே "நீங்க டீச்சரா" என்று கேட்டிருக்கிறாள். காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே சாப்பாட்டு மேஜையில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஊரெல்லாம் தேடியிருக்கிறேன், என்ன சொல்வது போ.

முதல் நாள் கூட்டிக்கொண்டு போனதும் அந்த டீச்சர் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அதை ஆட்டிக்கொண்டு வாசலருகே நிற்க, அவள் ஒரு பலகையை நாற்காலிமேல் சாய்த்து, அதன்மேல் ரப்பரை வைத்து, இது வழுக்கி இறங்க எவ்வளவு விசை இழுக்கிறது என்று கேட்டாள். நம்மவள் சைன் தீட்டா என்று கடகடவென்று எழுதிவிட்டாள். "சைன்னா என்னம்மா" என்று டீச்சர் கேட்டாள். "ஃபார்முலா" என்றாள் இவள். டீச்சர் சிரிக்கவில்லை. "இந்தப் பாடம் நடந்தப்போ நீ ஸ்கூலுக்குப் போனியா" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது, ஒன்பதாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தாளே, அந்தப் பாடமெல்லாம் அப்போது நடந்தது. பிறகு எல்லாவற்றையும் உருப்போட்டே தேறி வந்திருக்கிறாள், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "அங்கேருந்தே ஆரம்பிப்போம்" என்றாள் டீச்சர்.

அரையாண்டுத் தேர்வு வாசலில் நிற்கிறது, இவள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை அட்டை தெரியாமல் துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். நான் புலம்பியதும் உன் அம்மா, "டாக்டரும் காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சுதுன்னு கேட்டுட்டுத்தான் மருந்து எழுதறார், சும்மா இருங்க" என்றாள். நான் பயந்தபடியே அரையாண்டில் ஃபிசிக்ஸ் மார்க் முன்பைவிடக் குறைந்து, தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு டியூஷனை நிறுத்திவிட்டு வரக் கிளம்பினேன். சின்னவள் செருப்பு ஸ்டாண்ட் பக்கம் வந்து வழிமறித்தாள். "நான் நிறுத்த மாட்டேம்ப்பா. முன்னாடி வாங்கினது மனப்பாடம். இது எனக்குத் தெரிஞ்சு வாங்கினது, கம்மியா இருந்தாலும் இது என்னோடது" என்றாள். என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன், வேறென்ன செய்வது.

அதன்பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறாள். இப்போதும் வகுப்பில் நடுவில்தான் இருக்கிறாள், ஆனால் சாப்பிடும்போது பேச்சு நிற்பதில்லை, தட்டைச் சாய்த்துவைத்து உன் அம்மாவுக்கு உராய்வுப் பாடம் நடக்கிறது, குழம்பு மேஜைக்கு வழிகிறது. உன் அம்மா துடைத்துக்கொண்டே கேட்கிறாள்.

இனிமேல் எழுதுவதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் உனக்குத்தானே போன் செய்வாள், ஒரு நாள் நீ வேலை அவசரத்தில் "இதுகூடவா தெரியல" என்றாயாம். நீ மறந்தே போயிருப்பாய், சொன்னதில் தப்பும் இல்லை, ஆனால் அன்றோடு உன்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளியிலும் பழைய டீச்சர்கள் எல்லோரும் உன் அக்கா எப்படிப் படித்தாள் தெரியுமா என்றே ஆரம்பிக்கிறார்களாம். போன வாரம் டியூஷனிலிருந்து அவளைக் கூட்டிவரப் போனபோது டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் கணக்கிலும் உராய்வைப் புறக்கணிக்கவும், காற்றைப் புறக்கணிக்கவும் என்று போட்டிருக்கிறதே, நிஜமாகப் பாலம் கட்டுகிறவர்கள் எதையெல்லாம் புறக்கணிப்பார்கள் என்று. டீச்சர், "எனக்குத் தெரியாதும்மா, பாலம் கட்டுறவங்களைத்தான் கேக்கணும்" என்றாள். இவள் பேனாவைக் கடித்துக்கொண்டே, "எங்க அக்கா பாலம்தான் கட்டறா" என்றாள். டீச்சர் ஆச்சரியப்பட்டுப் போனாள். இத்தனை மாதமாகப் போகிறாள், தனக்கு ஒரு அக்கா இருப்பதையே அந்த வீட்டில் சொல்லவில்லை.

உன் வேலை உயரமான இடத்து வேலை, தலைக்கவசம் இல்லாமல் ஏறாதே, எத்தனை அவசரமானாலும் காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. அம்மா உனக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, போகிற இடமெல்லாம் நல்லவர்கள் துணையோடு நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதம் வந்து சேர்ந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். சின்னவள் கூப்பிடுவாள், அந்தப் பாலத்துக் கேள்வியை உன்னிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதினது எதையும் காட்டிக்கொள்ளாதே, மார்க்கும் கேட்காதே. கேள்வியைக் கேட்க நேரம் எடுப்பாள், சுற்றி வளைப்பாள், அவள் கேட்டு முடிக்கும்வரை நீ எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும்
அப்பா