ஐனாரைத் திட்டிய மேடை

ஹம்னெஸ்
4 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்கா சோல்ஃப்ரிட்டுக்கு,

நலம். பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. நீ அனுப்பிய கறுப்பு உடுப்பு தோளில் பிடிக்கிறது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் ட்ரோம்சோ மண்டபத்தில் உங்கள் கடல் பாதுகாப்பு இயக்கத்துக்காகப் பேசினேன். நீ எழுதித் தந்தபடியே பேசினேன். ஐனார் பாதிக் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் படகுக்குப் போனான் என்று வரும். அங்கே நிறுத்து, மூச்சு விடு என்று குறித்திருந்தாய். பிறகு, அவன் கடலோடு போன அன்று மிதவைச் சட்டை வீட்டு ஆணியிலேயே தொங்கியது என்று சொல்லவேண்டும். நிறுத்தினேன், சொன்னேன். எல்லோரும் அழுதார்கள்.

ஆனால் அக்கா, என் மகன் காப்பியே குடிக்கமாட்டான். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி, இப்போது வீட்டில் அவனை நினைத்தாலும் கையில் கோப்பையோடுதான் வருகிறான்.

என்னோடு கொட்டகையில் மீன் வெட்டுகிற குன்வோர் வந்திருந்தாள். "நல்லாத்தான்டி பேசுன. யாரு பெத்த புள்ளயப் பத்தின்னுதான் தெரியல" என்றாள்.

அடுத்த முறை என் வாய்க்கு வந்தபடி பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை
போர்கில்ட்

ஒஸ்லோ
2 மார்ச் 1987

அன்புத் தங்கைக்கு,

வாட்ஸோவில் நீ பேசியதை இயக்கத்தார் சொன்னார்கள். செத்த பிள்ளையை மேடையில் வைத்து "நாசமாப்போன தடிமாடு" என்றாயாமே. "அந்தச் சட்டையப் போட்டா உன் அழகு கொறஞ்சிருமாடா சனியனே" என்று கேட்டாயாமே. கூட்டம் சிரித்ததாம். நம் வடக்கில் அது பாசம்தான். எனக்குத் தெரியாதா, நானும் அங்கே பிறந்தவள். மற்றவர்களுக்குத் தெரியாது, கண்ணு. தலைவரோடு வந்த அம்மாள் எழுந்து போய்விட்டாராம்.

நீ களைத்துவிட்டாய். ஈஸ்டர்வரை ஓய்வெடு. அதுவரை மேடைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கு நான் பெரியம்மாதானே. கோடையில் அங்கே வருகிறேன், நிறையப் பேசலாம்.

என்றும் உன்
சோல்ஃப்ரிட்

ஹம்னெஸ்
30 ஏப்ரல் 1987

சோல்ஃப்ரிட்,

ஈஸ்டர் வந்து போனது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வாட்ஸோவில் சிரித்தார்கள் என்று எழுதினாய். சிரித்து முடித்தபிறகு என்ன நடந்தது என்று நீ கேட்கவேயில்லை. கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, கடலில் போன தன் மகனைப் பெயர் சொல்லித் திட்டினார். அவர் உட்கார்ந்ததும் ஒருத்தி எழுந்து தன் புருஷனைத் திட்டினாள். நடு மண்டபத்தில் நின்று நானும் அழுதேன். கரையொதுங்கிய அவனைப் புதைத்த நாளில்கூட எனக்கு அழுகை வரவில்லை, உனக்குத் தெரியும்.

நேற்று நீ வானொலியில் பேசினாய். கொட்டகையில் கத்திகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நன்றாகப் பேசினாய். "என் ஐனார்" என்றாய். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினாய்.

என் பக்கத்தில் நின்றவள் போன வாரம்தான் வேலைக்கு வந்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்தம்மாவுக்கு ஒரே பையனா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

கோடைக்கு நீ வரவேண்டாம்.

போர்கில்ட்