புள்ளியில் மூடும் வளையம்

இல்லை, அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் நூலாவது மிஞ்சும் என்றுதான் நீ சொல்வாய். இன்று பீரோவைத் துடைக்கும்போது கையில் வந்தது, நாம் போட்ட முதல் குரோஷா பின்னல். சங்கு போலச் சுருண்டு, வெள்ளை பழுப்பேறி. உன் கையிலிருந்த தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

கடத்தூரிலிருந்து தருமபுரிக்கு பஸ். உனக்கு டயாலிசிஸ், துணைக்குத் தோழி நான். காத்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது வேண்டும் என்று ஊசியும் வெள்ளை நூல்கண்டும் வாங்கினாய். அதோடு விட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய்: இந்த மாதா கோயில் திருவிழாவுக்கு, சுரூபத்தின் கீழே விரிக்கும் துணி கடையில் வாங்கியதாக இருக்காது, நீ போட்டதாக இருக்கும்.

நம் இருவருக்கும் ஊசி பிடிக்கவே தெரியாது.

செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாய். வார்த்தையே இல்லாத படம். நடுவிலிருந்து விரியும் வட்டங்கள். நீள்வட்டம் என்றால் சங்கிலி. தலையில் கோடு போட்ட குச்சி என்றால் நீளப் பின்னல். அவ்வளவையும் ஊகித்துவிட்டோம். சுற்று முடியும் இடங்களில் கறுப்புப் புள்ளிகள்.

புள்ளி நமக்குத் தெரிந்ததுதானே. மார்கழி முழுக்கச் சிக்குக் கோலம் போட்டு வளர்ந்தவள் நான். பொங்கலுக்கு உங்கள் வாசலிலும் போடுவீர்கள். கோடு வளைந்து போவதற்காக வைப்பது புள்ளி. அதன் மேல் கோடு ஏறாது. நாமும் ஏறவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் புள்ளியைத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் போனோம். துணி படியவே மறுத்து, சங்கு போலச் சுருண்டது.

உன் அண்ணி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"மாதாவுக்கு வெயில் அடிக்குதுன்னு தொப்பி போட்டீங்களா?"

நீதான் முதலில் சிரித்தாய்.

அடுத்த முறை மருத்துவமனையில், ஒரு கையில் குழாய். மறு கையால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாய். கீழ் மூலையில் ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஊசியும் நூலும் சின்னதாக வரைந்திருந்தது. புள்ளிக்கும் இருந்தது.

"ஏய், புள்ளி சும்மா இல்லடி. அதுவும் ஒரு பின்னல். சுத்தை அங்கதான் மூடணும்."

பக்கத்துப் படுக்கைக்காரர் கண் திறந்து பார்த்தார். நீ அவருக்கும் படத்தைக் காட்டினாய்.

பல்கலைக்கழகத்தில் கடினமான புத்தகங்களைப் படித்து முடித்திருக்கிறேன். அந்தப் பெருமை வேறு. இது வேறு. குறியைப் பார்த்த கணத்தில் விரல் அசைந்தது. ஒரு புது எழுத்து நமக்குள் வந்திருந்தது.

ஆடியில் நீ போனாய். புதிதாகத் தொடங்கிய துணியில் வெளி ஓரம் மட்டும் பாக்கி.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி உன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே துணி; ஊசி கண்ணிக்குள்ளேயே இருந்தது. திருவிழாவுக்குக் கொஞ்ச நாட்களே இருந்தன. படத்தைத் திறந்தேன். நீ நிறுத்திய இடம் உடனே தெரிந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உன் பிடி இறுக்கம். என்னுடையது தளர்வு. கை மாறிய இடம் துணியில் தெரிகிறது. மறைக்க முயலவில்லை.

திருவிழாவன்று அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தோம். படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, சேலத்தில் எந்தக் கடை என்று விசாரித்தார்.

"கடையில வாங்கலைங்க," என்றார் அண்ணி. "எங்க வூட்டுப் புள்ள போட்டது. மீதிய அவ கூட்டாளி முடிச்சா. படம் பாத்துப் போட்டதுங்க."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. தொப்பி என்று சொன்ன அதே குரல். நீ கேட்டிருக்க வேண்டும்.

இப்போதும் எந்தப் படத்திலும் முதலில் புள்ளிகளைத்தான் தேடுகிறேன்.

சங்கை மறுபடி பீரோவில் வைத்தேன். செல்போனில் வேறொரு படத்தைத் திறந்தேன், முன்னதைவிடப் பெரியது. சங்கிலி போட்டு, முதல் வளையத்தைப் புள்ளியில் மூடினேன்.