ஹால் சுவரில் வைத்த நெருப்பு

கோடம்பாக்கம்

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி மாத்திரைக்கு மசியாமல் அப்படியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் மாறனும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், அதைத்தான் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்ததுமே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் ஒன்று கேட்டால் மாப்பிள்ளை வேறொன்றை விளக்குகிறார், எல்லோரும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறோம், நான் கேட்டது கேட்டபடியே நிற்கிறது. லைட்மேன் ஷரீஃபின் மகன் ஃபைசான் லீவு முடிந்து இன்றைக்கு கனடாவுக்கு, உங்கள் கால்கரிக்கே திரும்புகிறான் என்றதும் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பருப்புப்பொடியோடு இதையும் அவன் உன் கையில் கொடுப்பான், அவன் எதிரிலேயே படித்துவிடு.

ஹாலில் நீங்கள் வைத்திருக்கும் அந்த கேஸ் ஃபயர் பிளேஸ் எனக்கு முதல் நாளிலிருந்தே சரியாகப் படவில்லை. ஸ்டுடியோவில் செட் ஆசாரியாக இருந்த காலத்தில் நான் எத்தனை ஃபயர் பிளேஸ் செய்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். கதையில் பணக்காரர் பங்களா வந்தால் டைரக்டருக்கு அது இருந்தே ஆகவேண்டும், மெட்ராஸில் எவன் வீட்டில் உட்கார்ந்து குளிர் காய்கிறான் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பிளைவுட்டில் ஒரு பெட்டி, முன்னால் செங்கல் மாதிரி பெயிண்ட், உள்ளே ஆரஞ்சுத் தாள் சுற்றிய லைட். ஷரீஃப் தரையில் உட்கார்ந்து அதன் முன்னால் துணியை ஆட்டினால் ஹீரோயின் முகத்தில் நெருப்பு வெளிச்சம் ஆடும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் சட்டம்தான், புகைபோக்கி எதற்கும் கிடையாது. அதனால் முன்னால் பளபளவென்று எதைப் பார்த்தாலும் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். எவ்வளவு எரிந்தாலும் சாம்பலாகாத கட்டையைப் பார்த்து ஏதோ தில்லுமுல்லு என்றேன், அது பீங்கான் கட்டை மாமா, அப்படித்தான் இருக்கும் என்றார் மாப்பிள்ளை. சரி, அதில் நான் அசடு வழிந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மற்றதெல்லாம்? மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் பாலகணேஷ் லீவு நாளில் வந்து மாட்டிக் கொடுத்தாராம். கேஸ் வேலைக்கு அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன், அவர் வீட்டிலேயும் அவரேதான் வைத்தார் என்று பதில் வருகிறது. நான் கேட்டது அதுவா? நம் தெருவுக்குக் குழாயில் கேஸ் வரப்போகிறது என்று இங்கே ரெண்டு பேர் வந்தார்கள், அடையாள அட்டையைக் கண்ணில் காட்டும்வரை வாசற்படி தாண்ட விடவில்லை. இன்னா சார், எங்கள திருடன் மாரி பாக்குற என்று ஒருத்தன் முறைத்துக்கொண்டான், முறைக்கட்டும். அப்புறம் உங்கள் ஃபயர் பிளேஸுக்கு இன்ஸ்பெக்‌ஷன் முடிந்துவிட்டது என்றார் மாப்பிள்ளை. மறுநாள் உன்னிடம் பேச்சுவாக்கில் யார் வந்தார்கள் என்று கேட்டேன், யாரும் வரலியேப்பா என்றாய். எரிந்த காற்று வெளியே போகிற குழாயைக் காட்டுங்கள் என்றால், மாப்பிள்ளை பனியில் போனை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒரு வாயைக் காட்டுகிறார். பக்கத்தில் உன் சமையலறை ஜன்னல் தெரிகிறது, நீலத் திரை, அம்மா தைத்தது. ஃபயர் பிளேஸ் இருக்கிற சுவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? வாழ்நாளெல்லாம் சுவரை நிறுத்தியும் பிரித்தும் பிழைத்தவனிடம் வேறு சுவரைக் காட்டினால் எப்படி? அவர் காட்டியது துணி காய வைக்கும் மெஷினின் குழாய் என்று ஃபைசான் சொல்கிறான். மாப்பிள்ளை தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. நல்ல மனுஷர், பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். ஆனால் நண்பர் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறவர், அதுதான் எனக்குப் பயம்.

எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்தேனா, கடைசியில் நம் வீட்டு அடுப்படியிலேயே ஒன்று மாட்டியது. வீடியோவில் உன் வீட்டுக் கூரையில் பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பி ஒன்று தொங்குவதைப் பார்த்து, இது என்ன அலங்காரம் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அதா, பிரசவத்துக்கு வந்தப்போ நான்தான்யா போட்டேன், அந்தப் பொக மணி கடுகு தாளிச்சா கத்துது, சாம்பிராணி போட்டா கத்துது, கொயந்த தூக்கிவாரிப் போட்டு அயுவுது, அதான் குளிக்கிற தொப்பிய மாட்டிட்டேன், மாப்ள பேட்டரிய கழட்டி தொட்டில் பொம்மைக்குப் போட்டுட்டாரு, அது பாட்டுப் பாடிக்கினு கீது என்று பெருமையாகச் சொல்கிறாள். ஃபைசானிடம் விசாரித்தேன். புகைக்கு மட்டும் இல்லை மாமா, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷக்காற்றுக்கும் சேர்த்துக் கத்துகிற மணி அது என்றான். கேஸ் கசிந்தால் நாற்றம் வந்து காட்டிக்கொடுத்துவிடும், கேஸ் எரிந்து வருகிற அந்தக் காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளே நின்றால் அதற்கு நாற்றமே கிடையாதாம். நான் சொன்னதும் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியைக் கூட்டிக்கொண்டு பெசன்ட் நகர் மாதா கோவிலில் பேரன் பேருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

நீ என்ன சொன்னாய் தெரியுமா செல்வி? ஃபயர் போட்டா மாறன் அழறதே இல்லப்பா, அடிச்சிப்போட்ட மாதிரி தூங்கறான், எனக்குத்தான் காலைல தலை பாரமா கீது என்று சிரித்தாய். ஊட்டி ஷூட்டிங்கில் சமையல்காரர்கள் ரெண்டு பேர் குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். காலையில் கூப்பிடப் போனவர்கள், பாவம் நல்ல தூக்கம், கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று திரும்பி வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நெருப்பு அவரைத் தொடவில்லை, ஒரு இருமல் இல்லை, முகத்தில் ஒரு கஷ்டம் இல்லை.

அதனால்தான் அணை, ஜன்னலைத் திற, குழந்தையை டாக்டரிடம் காட்டு என்று அன்றைக்குப் போனில் அப்படிக் கத்தினேன். டாக்டர் பார்த்து ஒன்றும் இல்லை என்றாராம், சந்தோஷம். இனிமேல் பற்ற வைக்க மாட்டோம் என்று ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினீர்கள். நேற்று வீடியோவில் மாறன் கன்னத்தில் ஆரஞ்சு வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துக் கேட்டேன், டேபிள் லாம்ப்தான்ப்பா என்றாய். டேபிள் லாம்ப் ஆடுமா? என்னிடமா? அப்புறம் என் கண்ணெதிரே அணைத்தாய், குளிர் தாங்கலப்பா, கொஞ்ச நேரம்தான் என்று அழுதாய். உனக்கு அங்கே எப்படிக் குளிரும் என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாதுதான். வீட்டுக்குப் பொதுவான ஹீட்டரைக் கூட்டி வை, பெரிய ரூமை விட்டுவிட்டு மூணு பேரும் ஒரே சின்ன ரூமில் படுங்கள். லாம்ப் என்று சொன்ன வாயை நான் எப்படி நம்புவது? என் மகள்தான், உயிர்தான், ஆனாலும் நம்பவில்லை.

ஃபைசான் வரும் வழியிலேயே புது மணி வாங்கிக்கொண்டு வருவான். அதை மாட்டி, ஃபயர் பிளேஸுக்கு வருகிற கேஸ் குழாயின் திருகை மூடிவிட்டுத்தான் டீ குடிப்பான், அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன், நீ தடுக்காதே. லைசென்ஸ் உள்ள ஆள் வந்து குழாயையும் கசிவையும் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை அந்தத் திருகைத் தொடக்கூடாது. அவர் சரி என்றாலும் கண்ணாடிக்கு முன்னால் தடுப்பு வேண்டும், பையன் தவழ்கிறான், கண்ணாடி கொதிக்கும். பாலகணேஷ் கோபித்துக்கொண்டால் மாமனார் ஒரு சந்தேகப் பேர்வழி என்று மாப்பிள்ளை என் மேலேயே பழியைப் போடட்டும். தாளிக்கும்போது மணி கத்தினால் ஜன்னலைத் திற, தொப்பி போடாதே என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் கண் ரெண்டும் சிவந்திருக்கிறது.

மாறன் அழட்டும் கண்ணு. ராத்திரி முழுக்க அழட்டும், உன்னைத் தூங்கவே விடாமல் அழட்டும், நீ போன் பண்ணி என்னிடம் புலம்பு, எத்தனை வருஷம் புலம்பினாலும் நான் கேட்கிறேன். பெரியபாளையத்து அம்மன் உங்கள் மூணு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஃபைசான் மணியை மாட்டியதும் பட்டனை அமுக்கி, அது கத்துகிற சத்தத்தைப் போனில் எனக்குக் கேட்க வை, அதுவரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா
பஞ்சாட்சரம்