கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸில் சினேகாவின் முகம்

மாடம்பாக்கம்

அன்புள்ள ரோஹிணிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சௌக்கியம், சர்க்கரையும் பிரஷரும் எங்களைவிட சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்துபோன நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டதால் ஸ்பீட் போஸ்ட்டில் வருகிறேன், இதை நீ கட் பண்ண முடியாது.

டில்லியில் பி.ஏ. ஹிஸ்டரி முடித்தாய், வேலை கிடைக்கவில்லை. இது உலகத்தில் உனக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. ஏதோ இன்டர்வியூ நன்றாகப் போனது என்று நீ சொன்னதை உன் அம்மா தன் தம்பியிடம் சொல்ல, உன் ஷ்யாம்சுந்தர் மாமா அதை வேலையே கிடைத்துவிட்டது என்று ஆக்கி, உன் போட்டோவோடு நம் அடுக்குமாடி சங்கத்துக் குரூப்பில் போட்டுவிட்டான். பிறகு அந்த வேலை இல்லை என்று ஆனது. அதற்காக, வேலை கிடைக்கும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஹாஸ்டலையும் காலி செய்துவிட்டு, சிநேகிதி அறையில் தரையில் படுத்துக்கொண்டிருக்கிறாயாம். அம்மா சாப்பிடும்போதெல்லாம் அந்தத் தரையைப் பற்றியே பேசுகிறாள். மாமாவைப் பற்றி நான் என்ன சொல்ல. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, ஹிஸ்டரி படித்தால் என்ன வேலை கிடைக்கும் அத்திம்பேர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பதில் தெரிந்துகொள்ளும் ஆசையெல்லாம் கிடையாது, ரசம் வரும்வரை ஏதாவது பேசவேண்டும்.

உனக்கு நடந்தது நான் ஹிஸ்டரி சொல்லிக்கொடுக்கும் கல்லூரியிலும் நடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். துறைத் தலைவர் பதவி நியாயமாக எனக்கு வரவேண்டியது, பிரின்சிபல் ஸ்ரீரங்கன் தன்னிடம் பி.எச்.டி. செய்த பையனுக்குக் கொடுத்துவிட்டு, ஆறுதல் பரிசாக என்னை வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். பி.ஏ. பிள்ளைகளை வாழ்க்கைக்குத் தயார் செய்ய கேஷவ் என்று ஒரு பயிற்சியாளர் வந்தார். தாம்பரத்து ஏப்ரல் மாத வெயிலில் பையன்களுக்கு டை கட்டிவிட்டு, கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்தவேண்டும் என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். பி.எஃப். என்றால் என்ன சார், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் கொடுக்கலாமா சார் என்று பிள்ளைகள் கேட்டபோது, அதெல்லாம் எதிர்மறை எண்ணம் என்று சொல்லிவிட்டுச் செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள், வேலை பெற்ற எங்கள் மாணவர்கள் என்று வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட வேண்டும். கம்பெனிக்காரன் முடிவு சொல்லும்வரை காத்திருந்தால் அட்மிஷனை அடுத்த கல்லூரி அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே இன்டர்வியூவுக்குப் போனவர்கள் எல்லாரும் வேலை பெற்றவர்கள்தான். மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்த எங்கள் பிள்ளைகளும் அப்படி ஏறினார்கள், வேண்டாம் என்று நான் எழுதிக்கொடுத்ததை யாரும் படிக்கவில்லை. நடுவில் பெரிய வட்டத்துக்குள் என் வகுப்பு சினேகா. கோவளம் குப்பத்துப் பெண், அம்மா முத்தாலம்மாள் சேலையூரில் மீன் விற்கிறவள். குப்பமே வேன் பிடித்து வந்து அந்த ஃப்ளெக்ஸின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் கம்பெனி ஒருவரையும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது. ஃப்ளெக்ஸ் மட்டும் இறங்கவில்லை. முதல் சம்பளத்தில் என்ன வாங்கித் தரப்போகிறாய் என்று தெருவே கேட்க, சினேகா வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

முத்தாலம்மாள் ஒருநாள் வியாபாரம் முடிந்த கையோடு, அன்னக்கூடையும் மகளுமாக பிரின்சிபல் அறைக்கே வந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன். அட்மிஷன் முடியும்வரை கழற்ற முடியாது, எப்படியும் ஒரு வேலை கிடைக்கத்தான் போகிறது, இப்போதே போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஸ்ரீரங்கன். அவள் உட்காரக்கூட இல்லை. "வேலைய குடு சார், இல்லாங்காட்டி எம் பொண்ணு மூஞ்சிய திருப்பிக் குடு. ஊரே பாத்துகினு கீது" என்றாள். அவர் ஏசியைக் கூட்டினார்.

அவள் நேராக வாசலுக்குப் போய் வாட்ச்மேன் ஜெபகுமாரிடம் ஸ்டூல் கேட்டாள், ஆபீஸ் அனுமதி இல்லாமல் ஸ்டூல் தரமுடியாது என்றார் அவர். துறைத் தலைவரின் சுழல் நாற்காலியை நான் உருட்டிக்கொண்டு வந்தேன். அது சுழலாமல் நான் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி நின்று மீன் வெட்டும் கத்தியால் மகள் முகத்தைச் சுற்றி அறுத்தாள். சினேகா கீழே நின்று, காதை வெட்டிடாதம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டிய முகத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். விஷயம் பரவி மற்ற பெற்றோர்களும் கத்தரிக்கோலோடு வர ஆரம்பித்தார்கள். இப்போது ஃப்ளெக்ஸில் மிச்சம் இருப்பது வரிசையாக ஓட்டைகளும் மேலே ஸ்ரீரங்கனும்தான். அட்மிஷனுக்கு வருகிறவர்கள் காற்றுக்காக விட்ட ஓட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மெமோ வந்தது, ஒருங்கிணைப்பாளர் பதவியும் போனது. பல வருஷத்தில் கல்லூரி எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம்.

போன வாரம் சினேகா டி.சி. வாங்க வந்தாள். வேலை இன்னும் இல்லை. கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறாளாம், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் அவர்கள்தான் முழிக்கிறார்கள் சார் என்று சிரித்தாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு உன் நினைவுதான்.

இன்று காலை சங்கத்துக் குரூப்பில் நானே போட்டேன். ரோஹிணிக்கு வேலை கிடைக்கவில்லை, ஷ்யாம்சுந்தர் போட்டது தவறு, அவள் வீட்டுக்கு வருகிறாள் என்று மூன்றே வரி. உன் அம்மா அழுதாள். மாமா என்னோடு பேசுவதில்லை என்று அறிவித்திருக்கிறான், வீடு நிம்மதியாக இருக்கிறது. குரூப்பில் யாரோ ஒருவர் கட்டைவிரலைத் தூக்கினார். அதற்கடுத்த செய்தி, பி பிளாக்குக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது. அதற்குப் பிறகு எல்லாரும் லாரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னைக் கேட்காமல் போட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டு உன் ஈமெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை சிநேகிதி அறையில் வைத்துவிட்டு வராதே, பெட்டியிலும் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள். வேலையை இங்கே கட்டிலில் படுத்துக்கொண்டும் தேடலாம். உன் உடம்பும் மனதும் நன்றாக இருக்கட்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். சென்ட்ரலில் இறங்கி அங்கேயே நில், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தீஸ்வரன்