ஒரே வாப்பாவின் பிள்ளைகள்

3 மார்ச் 1981, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. கண் எரிச்சல். மனைவியின் தம்பி ஹனிபா ஹாஜி குதிரைகளின் ஆங்கில வம்சக் கடுதாசிகளோடு வந்தார். அரிசி ஆலை போதாதென்று போன வருடம் கொழும்பில் ஒரு பெண்குதிரை வாங்கியவர். நாளை நுவரெலியாவிலிருந்து அதோடு சேர்க்கப் பொலிகுதிரை வருகிறதாம். தடை தாண்டிப் பரிசு எடுத்ததாம்.

"நீங்கதான் படிச்ச ஆள் மச்சான். நம்மட கொமருப் புள்ளைக்குப் பொருத்தமா எண்டு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இரண்டுக்கும் தாய், தாயின் தாய், அவளின் தாய். எழுதி ஒப்பிட்டேன். ஒரு பெயரும் ஒட்டவில்லை. பொருத்தம் என்றேன். தேநீர் ஆறிவிட்டது.

4, புதன்

லொறி வந்தது. கல்முனைக்குடியில் பாதிச் சனம் ஆலை வளவில். சிவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, அழகன்தான். கூட வந்த குதிரைக்காரர் சோமபால நம் பெண்குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மாத்தயா, இதும் இவன் தகப்பன் குட்டிதானே? அதே மூஞ்சி."

வீட்டுக்கு வந்து கடுதாசியை விரித்தேன். இரண்டிலும் தகப்பன் 'புளூ லான்டர்ன்'. முதல் வரியிலேயே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை!

இங்கே கலியாணப் பேச்சில் முதல் கேள்வி, என்ன குடி. குடி என்றால் தாய்வழி வம்சம். ஒரே குடி என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அந்தப் பழக்கத்தில் குதிரைக்கும் குடி பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். சீ.

5, வியாழன்

ஹாஜியிடம் சொல்லப் போனது மூன்று தரம்.
1. காலை. ஆலைச் சத்தம். திரும்பினேன்.
2. லுஹர்த் தொழுகைக்குப் பின். விருந்தாளிகள். திரும்பினேன்.
3. அஸர்த் தொழுகைக்குப் பின் சொன்னேன்.

"தாய் வேறதானே, குடி வேறதானே. நீங்கதானே பொருத்தம் எண்டீங்க? நாளைக்கு ஜும்ஆ முடிய ஊரே வருது. குதிரைக்கு என்ன, நிக்காஹ் பதிவா?"

எனக்குப் பதில் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். சோமபாலவைக் கேட்டேன். இப்படிச் சேர்த்ததில் பிறந்த குட்டி ஒன்றைக் கண்டாராம். முன்னங்கால் கோணல். கடைசி வரை எழும்பவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னேன். மனைவி: "என்னோட கதைச்சி என்ன? அவனிட்டப் போய்க் கதைங்க."

6, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஆலை வளவு. மதிலிலும் ஆட்கள். பெண்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"என்ன மச்சான், விசரா?"

"இதுகள் ரெண்டும் ஒரே வாப்பாட பிள்ளைகள்! நான்தான் பாக்காம உட்டுட்டன்." கத்திவிட்டேன்.

சிரிப்பு. மதிலில் ஒருவர்: "அப்ப ஹறாம்தானே ஹாஜியார்!" இன்னும் சிரிப்பு. ஆனால் பிறகு ஹாஜி கூப்பிட்டும் பெண்குதிரையைப் பிடிக்க ஒருவரும் முன்னே வரவில்லை. சோமபாலவும் பொலிகுதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். நான் கயிற்றோடு படலையைத் தாண்டினேன். வழியில் குதிரை என் இடது காலை மிதித்தது. பெருவிரல் வீங்கியிருக்கிறது.

7, சனி

குதிரை எங்கள் வளவில். முருங்கையைத் தின்று மொட்டையாக்கிவிட்டது. மனைவி என்னோடும் குதிரையோடும் கதைப்பதில்லை.

அஸர் நேரம் வேலியோரம் ஆலைத் தவிடு இரண்டு மூட்டை வந்து இறங்கியது. வெளியே ஹாஜியின் குரல், உள்ளே வராமலே:

"மறுகா வேற குதிரை ஒண்டு பாக்கக்குள்ள வாப்பாவையும் பாருங்க!"

ஓம் என்றேன். கேட்டதோ தெரியாது.