கைப்பிடியில் ஒரு பொட்டு

வெள்ளி இரவு. ஆயுத பூஜை முடிந்த வாரம்.

தினமும் கடையை அடைத்துவிட்டு நகைப் பையோடு திலக் நகர் வீட்டுக்குத் திரும்பும்போது இடுப்பில் இருக்கும் ரிவால்வரை, இன்று தாணே சுடுபயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பார்த்தேன். முதல் தோட்டா வெடித்தது. அடுத்ததற்கு 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். அங்கிருந்த பயிற்சியாளர் அந்தத் தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் துப்பாக்கி ஊசியின் அடி ஆழமாக விழவில்லை.

"ஸ்பிரிங் பதலா க்யா?" அந்த அடிக்கு வேகம் கொடுக்கும் ஸ்பிரிங்கை மாற்றினேனா என்று கேட்கிறார். இல்லை என்றேன்.

மாற்றியது நான்தான். விரல் மூட்டு வீங்கியதிலிருந்து டிரிகரை இழுக்க முடியவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, லேசான ஸ்பிரிங்காக வாங்கி நானே போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி செல்வி கேட்டாள். "ஏங்க, நல்லா வெடிச்சுதா?"

"பூஜையில குங்குமத்த அப்பி வச்சா எப்படி வெடிக்கும்?"

அது எப்படி என் வாயில் வந்ததென்று தெரியவில்லை. அவள் வைத்தது கைப்பிடியில் ஒரே ஒரு பொட்டு. அவள் முகம் வெளிறிவிட்டது. "தெரியாம வச்சிட்டேங்க. வழியில எவனாவது மறிச்சிருந்தா உங்களுக்கு என்ன ஆயிருக்கும்?"

சாப்பிட்டதும் துப்பாக்கியைக் கேட்டாள். தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். விளக்கடியில் உட்கார்ந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் கைப்பிடி இடுக்கையெல்லாம் துடைத்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "போதுமா, பாருங்க" என்றாள்.

சிவப்பு துளிகூட இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.