அம்மா, ஜிப் பாட்டு கிடைச்சிடுச்சு

ஜாக்கெட் தைச்சுக்கிட்டே தலையாட்டுற என் அம்மாவுக்கு,

முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடறேன். உன் மியூசிக் சேனலை மூடிட்டாங்க.

நீ இருக்கும்போதே அது பாதி போயிடுச்சே. பாட்டு வர்ற நேரத்துல, பத்துப் பசங்க ஒரே வீட்டுல அடைஞ்சு சண்டை போடற நிகழ்ச்சியைக் காட்டினாங்க. "இதைக் கேக்க நம்ம தெருக்குழாய் போதாதா?"ன்னு கேட்ட. அப்புறம் காலையில ஒரு மணி நேரம் மட்டும் உன் பழைய ராக் பாட்டுங்க வரும். அதுக்குள்ள எத்தனை ஜாக்கெட் முடிப்ப, ஞாபகம் இருக்கா?

உனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. அதனால எல்லாப் பாட்டுக்கும் நீயே பேர் வச்ச. தொண்டை கட்டினவன் பாடறது சளிப் பாட்டு. டிரம்ஸ் தடதடன்னு வந்தா மாவு மில் பாட்டு. ஆரம்பத்துல கிடார் சர்ருன்னு மேல ஏறுமே, உனக்கு உயிரான அது ஜிப் பாட்டு. அது வந்தா மிஷின் பெடலும் அதே வேகத்துல போகும். அப்பா பக்கத்து அறையிலிருந்து, "இன்னா சத்தம்டி இது, நியூஸ் வைடி"ம்பார்.

நீ போனப்புறம் அவர் நியூஸே வைக்கல. தெனம் காலையில உன் சேனலைப் போட்டுட்டு பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுப்பார். நான் அடையாறிலிருந்து வந்து பாக்கும்போதெல்லாம் அதேதான். என்னோடகூட நாலு வார்த்தைக்கு மேல பேசல. பயமா இருந்துச்சும்மா.

போன மாசம் ஒரு நாள் சேனல் வரல. சட்டை மாட்டிக்கிட்டு மந்தைவெளி கேபிள் கடைக்கே போயிட்டார். "நைனா, அவனுங்களே மூடிக்கினு போய்ட்டானுங்க, நான் இன்னா பண்றது?"ன்னு கடைக்காரர் கைவிரிச்சிட்டார். எனக்குப் போன் பண்ணினார்.

"கலா, அந்த ஜிப் பாட்டு உன் போன்ல வருமா?"

வரும், பேர் தெரிஞ்சா. எங்க ரெண்டு பேருக்கும் நீ வச்ச பேர்தான் தெரியும். நான் கிளம்பி வந்ததும் அப்பா என் போன்கிட்ட குனிஞ்சு, "சர்ர்ர், டொய்ங் டொய்ங்"னு பாடிக் காட்டினார். மோட்டார் ரிப்பேர் வீடியோ வந்துச்சு. நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். நீ போனதுக்கப்புறம் அவர் சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்போதான் உன்கிட்ட ஜாக்கெட் தைக்க வர்ற ஃபரீதா ஆன்ட்டி ஞாபகம் வந்துச்சு. ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்தவங்க. துணிக்காகக் காத்திருக்கும்போது டிவி மூலையில வர்ற பாட்டுப் பேரை உனக்குப் படிச்சுச் சொல்வாங்கல்ல? முப்பது வருஷம் ஒரே தெருவுல இருந்தும் அவங்களைப் பாத்துத் தலையசைச்சதோட சரி, அப்பா. அன்னிக்கு நோட்டும் பேனாவுமா என்கூட அவங்க வீட்டுக்கு வந்தார். ஆன்ட்டி சொல்லச் சொல்ல பதினொரு பாட்டுப் பேரை தமிழ் எழுத்துலயே எழுதிக்கிட்டார்.

ஜிப் பாட்டு வந்ததும் ஆன்ட்டி தயங்கினாங்க. "அண்ணே, இதுக்கு அர்த்தம் தெரியுமா? பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிட்டா, நீ வேணும், திரும்பி வந்துடுன்னு கெஞ்சுறான். அப்போ நான் இதைச் சொன்னதும் உங்க சாந்தா சிரிச்சா. 'எங்க வீட்டுக்காரர் வாயில இதெல்லாம் வராதுக்கா, டிவியிலயாவது கேட்டுக்கிறேன்'னா."

அப்பா நோட்டை மூடினார், திரும்பத் திறந்தார். "அந்தத் திரும்பி வந்துடுங்கறது இங்கிலீஷ்ல எப்டிம்மா?"ன்னு கேட்டார். ஆன்ட்டி மெதுவா மூணு தடவை சொன்னாங்க. முப்பது வருஷம் பஸ்ல விசில் ஊதின கண்டக்டர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி திருப்பிச் சொன்னார்.

நீ இதை எப்பவாவது அவர்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியல.

இப்ப அவர் நல்லாப் பேசறார். போன்ல பாட்டைத் தேடறார், மாவு மில் பாட்டுக்குக் காலால தாளம்கூடப் போடறார். சளிப் பாட்டு மட்டும் அவருக்குப் பிடிக்கல. தெனம் காலையில குளிச்சிட்டு வந்து, உன் படத்துக்கு முன்னாடி நின்னு அந்த இங்கிலீஷ் வரியைச் சொல்றார். முதல் ஸ்டாப்லிருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரே மூச்சுல கூவற மாதிரி, பாதி வார்த்தையை முழுங்கிட்டு. உனக்குக் கேக்குதா?

ஒரு சத்தியம் பண்றேன். அவர் உச்சரிப்பை நான் திருத்தவே மாட்டேன்.

உனக்கும் கண்டக்டருக்கும் பொறந்த ஒரே பொண்ணு,
கலா